ஒற்றைச் செருப்புச் சந்தி

சந்திக்குப் பெயர்ப்பலகை நடப்போகிறார்களாம்.
பெயர் வந்த காரணம் இரண்டு வரியில் வேண்டும்,
வெள்ளிக்கிழமைக்குள்.

விதானைப் பிள்ளை தர்சிகா
ஹெல்மெற்றைக் கழற்றி
என் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.
"அண்ணை, இதை ஆரிட்டைக் கேக்கலாம்?"
கேட்டிருக்கக் கூடாது.
கடையில் அப்போது ஏழு பேர்.

கோணாமலையர் வாய்ப்பனை விழுங்கவுமில்லை:
"அறுபத்துநாலு புயல். குளக்கட்டு உடைஞ்ச அண்டைக்கு
ஓவசியர் ஒராள் ஜீப்பாலை இறங்கினவர்.
ஒரு செருப்பைச் சேறு வாங்கிப்போட்டுது.
மற்றதைக் கையிலை தூக்கிக்கொண்டு
வவுனியாக் கச்சேரி மட்டும் நடந்தவர்."

"ஜீப்புல வந்தவரு ஏங்க நடந்தாரு?"
இது பொன்னுச்சாமி.
"நீ எழுபத்தேழிலை வந்தனீ. பொத்திக்கொண்டிரு."
"வந்து நாப்பத்தெட்டு வருசங்க.
ஒடஞ்ச ஒங்க கட்டுக்கு மூணு தடவ மண்ணு போட்டது நானு.
இன்னும் விருந்தாளியா?"

சவிரிமுத்தருக்குத் தேத்தண்ணி மூக்கால் வந்தது.
துடைத்துக்கொண்டு தன் கதையை இறக்கினார்.
அவருடைய பெரியப்பா
பாலைமரத்தடியில் யானைக்கு எறிந்த செருப்பு அது.
யானை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டதாம்.
"யானைக்கு என்ன சைஸ்?"
"எட்டு," என்றார், யோசிக்காமல்.

பாண் வாங்க வந்த ஜெயசீலி
அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி.
"பெரியப்பா பிறந்ததுக்குச் செருப்புப் போட்டதில்லை," என்றாள்.
"இது பெண் பாக்க வந்த மாப்பிள்ளையின்ரை.
சீதனப் பேச்சுக் குழம்ப, பின்வேலியாலை பாய்ஞ்சு ஓடினவர்.
ஒண்டு முள்ளுக்கம்பியிலை தொங்கினது.
ஆரெண்டு சொன்னால் இஞ்சை ஒராளுக்கு
வாய்ப்பன் இறங்காது."
கோணாமலையர்
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.
நெடுநேரம் துடைத்தார்.

"வருசத்தையாவது சொல்லுங்கோ," என்றாள் பிள்ளை.
அதற்குத்தான் பெரிய சண்டை.
நாங்கள் வருசத்தை ஓட்டத்தால் எண்ணுகிறவர்கள்:
ஜெயசிக்குறுவுக்கு முன்னமோ பின்னமோ,
முதல் வீடு எரிந்ததற்குப் பிறகோ,
இரண்டாவதுக்கு ஓடு போட முதலோ.

மீண்டு வந்த ஆண்டு
இந்தச் சந்திப் புல்லுக்குள்
செருப்புகள் கிடந்தன.
எல்லாம் ஒற்றை.
கடைக்கு அத்திவாரம் வெட்டும்போது
எனக்கும் ஒன்று அகப்பட்டது,
நீலப் பட்டி, சாண் நீளமும் இல்லை.
பெயர் அதற்கு மிக முந்தியது.
அது எல்லாருக்கும் தெரியும்.
ஒருவரும் அதைப் பேசவில்லை.
தர்சிகாவின் பேனை
கடதாசிக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது.
அந்த ஓட்டத்தில் அவளுக்கு ஒன்பது வயது.

மல்லாவி பஸ் கோணடித்துத் திரும்பியது.
"யானையை எழுதம்மா," என்றான் பொன்னுச்சாமி,
"யானைதான் வந்து மறுக்காது."
சிரிப்பு திரும்ப வந்து வாங்கில் இருந்தது.
அவள் எழுதினாள்:
காரணம் தெளிவில்லை.
விசாரணை நடைபெறுகிறது.
என் கொப்பியில் நான் எழுதியது:
பிளேன்ரீ பதினேழு, வாய்ப்பன் நாலு.
காசு தந்தவன் விருந்தாளி ஒருவன்தான்.

மூன்று மாதம் கழித்துப் பலகை வந்தது.
பச்சைத் தகரம், மூன்று மொழி.
மற்ற இரண்டிலும் பிழை இல்லையாம்.
தமிழில் மட்டும்,
எவனோ ஒரு பெயின்ரரின் கைபட்டு,
"ஒற்றைச் சிரிப்புச் சந்தி."

பிள்ளை தலையில் கைவைத்து
என் வாங்கில் இருந்துவிட்டாள்.
திருத்தக் கடிதம் போட்டால் அடுத்த வருசமாகும்.
சவிரிமுத்தர் பலகையை இரண்டுதரம் வாசித்தார்.
வேலிப்பக்கம் பார்த்து ஜெயசீலி வாயைப் பொத்தினாள்.
கோணாமலையர்தான்
தேத்தண்ணியைக் கீழே வைத்து,
தொண்டையைச் செருமி,
"அறுபத்துநாலு புயல்," என்றார்.
"ஓவசியர் ஒராள் இருந்தவர்.
சீவியத்திலை ஒரேயொருக்கால்தான் சிரிச்சவர்,
அந்தா, அதிலை நிண்டு..."

நான் அடுப்பை ஊதி
கேத்திலை ஏற்றினேன்.